மணலுக்குள் மறைந்த நீர்



உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு இராஜஸ்தானத்துக்கு வந்த நம்மவர் பலர், தார்ப் பிரதேசத்தை முதன்முதலில் காண்பது ரயில் ஜன்னலின் வழியாகத்தான். மணல், முள், மீண்டும் மணல் என்று எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நாமும் முதலாண்டில் அவ்வாறே எண்ணினோம். அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பது நம் தொழில். ஓர் அறிக்கையில் இப்பகுதியைக் குறித்து வந்த சொல்லுக்குச் சற்றும் தயங்காமல் ‘வெற்றுநிலம்’ என்று எழுதிக் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து ஜெய்சால்மேர்ச் சாலையில் முதியவரான ஆட்டிடையர் ஒருவருடன் சிறிது தூரம் நடக்க நேர்ந்தது. அவர் ஒவ்வொரு செடியாகச் சுட்டி, இதன் கீழே இத்தனை முழத்தில் ஈரம் உண்டு, அதன் கீழே பாறை, அதோ அங்கே உப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாம் எழுதிய சொல் தவறு என்பது அன்றே விளங்கிற்று. அறிக்கையோ அதற்குள் அச்சேறிவிட்டது.

ஜெய்சால்மேரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 20 சென்டிமீட்டர். ஜோத்பூரில் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் ஒரே மழை பெற்ற நிலத்திலேயே அரை மைல் நடந்தால் தாவரங்கள் மாறிவிடுகின்றன. வானம் தந்தது எவ்வளவு என்பதைவிட, மண் எதை, எந்த ஆழத்தில், எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதே அங்கு பெரிய கேள்வி.

களிமண் நீரைக் காக்கும், மணல் கைவிடும் என்பது காவிரிக் கரையில் வளர்ந்த நமக்குப் பாலபாடம். வறண்ட நாட்டில் அது தலைகீழாகிறது. களிமண்ணில் விழுந்த சிறுமழை மேற்பரப்பிலேயே தங்கி, வெயிலுக்கு இரையாகிவிடும். எஞ்சியதையும் நுண்ணிய துகள்கள் இறுகப் பற்றிக்கொள்வதால் வேர்களால் உறிஞ்ச முடிவதில்லை. மணலிலோ நீர் விரைந்து கீழே இறங்குகிறது. மேலேயுள்ள சிறிதளவு மணல் உலர்ந்து, பானைக்கு மூடியிட்டாற்போல் அடி ஈரத்தைக் காக்கிறது. இவ்வுண்மையை இஸ்ரேலிய அறிஞர் நோய்-மேயிர் 1973-இல் தெளிவாக எடுத்துரைத்தார். அந்த ஆட்டிடையர் கட்டுரை எதையும் படித்தவரல்லர். மணற்குன்றைக் கையால் தோண்டி, குளிர்ந்த ஈரமணலை நம் உள்ளங்கையில் வைத்தார்.

ஆகவே, குன்றுகளின் மீது இலை இருப்பதே தெரியாத ‘போக்’ என்னும் புதர் செழித்து நிற்கிறது. அதன் பூமொக்குகளைத் தயிரில் கலந்து உண்பார்கள். நமக்கு அது பழக அதிக நாளாகவில்லை. மழை மிகக் குறைந்த மணற்பரப்புகளில் ‘சேவண்’ புல் தூர்தூராக வளர்கிறது. மழை சற்றே கூடி, மண்ணும் சற்று இறுகிய இடங்களில் நமது கொழுக்கட்டைப்புல் வந்துவிடுகிறது. பாறைக் குன்றுகளில் வெடிப்புகளில் தங்கிய ஈரத்தைக் கொண்டு கள்ளி வாழ்கிறது. உப்புத் தரவைகளில் நீர் இருந்தும் பயனில்லை. உப்பு அதை விடுவதில்லை. அங்கே நம் கடற்கரை உமரியின் உறவினச் செடிகளே நிற்கும்.

இவற்றுக்கிடையே ‘கேஜ்ரி’ மரத்தைக் கண்டபோது, எங்கோ பார்த்த முகமாயிற்றே என்று திகைத்தோம். விருத்தாசலத்தில் தல விருட்சமாக விளங்கும் வன்னிதான் அது! சித்திரை, வைகாசியில் புற்களெல்லாம் வைக்கோலாய்க் கிடக்கும்போது வன்னி புதுத்தளிர் விடுகிறது. புல்லின் வேர் மேல்மண்ணின் மழையைக் குடிக்கிறது. மரத்தின் வேரோ அதற்கும் வெகு ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிச் செல்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் வால்டர் 1939-இல் இவ்வகைப் பங்கீட்டை விளக்கியிருக்கிறார். உழவர்கள் வன்னியை வெட்டாமல், அதன் அடியிலேயே கம்பு விதைப்பதன் பொருத்தமும் இதனால் விளங்கும்.

ஈரத்தைத் தாமே இடம் மாற்றியமைத்தவர்களும் உண்டு. ஜெய்சால்மேர்ப் பகுதியின் பாலிவால் அந்தணர்கள் பாறைச் சரிவுகளில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்நிலத்தில் மண்கரையிட்டு நிறுத்தினார்கள். ‘கதீன்’ என்பது அதன் பெயர். நீர் மண்ணில் ஊறியபின், அந்த ஈரத்தை மட்டுமே நம்பிக் கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். பயிர் முற்றும்வரை வேறு பாசனமில்லை.

1958-இல் தொடங்கப்பெற்று, பின்னர் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பெற்ற பெருங்கால்வாய் இந்தக் கணக்கையெல்லாம் மாற்றியது. அது பல லட்சம் பேருக்குக் குடிநீரும் விளைச்சலும் தந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் மணலின் கீழே இறுகிய அடுக்கு இருந்த இடங்களில் நீர் இறங்க வழியின்றித் தேங்கிற்று, உப்பு மேலெழுந்தது. வறட்சியைத் தாங்கிய மரங்கள் வெள்ளத்தில் பட்டுப்போயின. பாசனம் எட்டிய இடங்களில் சேவண் புல்வெளிகள் உழப்பட்டு வயல்களாயின. பல்லாண்டு வாழும் அந்தத் தூர்களே மணலைக் கட்டி வைத்திருந்தவை. கானமயிலுக்கும் அவையே வீடு.

அடுத்த முறை அச்சாலையில் சென்றபோது நாம் முன்பு நடந்த இடத்தில் கடுகு பூத்திருந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அந்த முதியவரை விசாரித்தோம். மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார் என்றார்கள்.