நாமினி வேறு, வாரிசு வேறு

பெரியவர் ஒருத்தர் காலமாயிட்டார். உயில் எழுதலை. வங்கியில வைப்புத்தொகை இருந்துச்சு. மூத்த மகன்தான் நாமினி. காகிதமெல்லாம் சரியா இருந்தா 15 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி. பணம் வந்துடுச்சு.

"அப்பா எனக்குத்தான் கொடுத்தார்"ன்னார் மூத்தவர். தம்பிமார் வக்கீலைப் பார்த்தாங்க. "நாமினி பணத்தை வாங்கிக்கிறவர்தான். பங்கு வாரிசுகள் எல்லாருக்கும் உண்டு"ன்னார் அவர்.

தாசில்தார் அலுவலகத்துல வாரிசுச் சான்று வாங்கினாங்க. அண்ணன் அசையலை. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு.

"வழக்கு எப்ப சார் முடியும்?"

வக்கீல் சொன்னார்: "உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளும் ரெண்டு சாட்சியும் போதும்."

"அப்பாதான் போயிட்டாரே?"

"அவருக்கு இல்லப்பா... உங்களுக்குச் சொல்றேன். வழக்கு முடியறதுக்குள்ள எழுதி வச்சுடுங்க!"