ஆய்வுகூடத் தாள் முதலில் யார் கைக்குப் போக வேண்டும்?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது தராசை எட்டிப் பார்க்காதவர் நம்மில் உண்டா? ஒரு கிலோ குறைந்தாலும் ஏன் என்று கேட்கிறோம். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் கருவி என்று வந்துவிட்டால், தாளில் இருப்பதே தீர்ப்பு என்று வாயடைத்துப் போகிறோம். அந்தத் தாளையும் கேள்வி கேட்கலாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

குடித்துவிட்டு லொறி ஓட்டுவதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. லொறியின் பின்னால் ஏறிப் போவது நம் வீட்டுப் பெண்கள்தான். பரிசோதனை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அமெரிக்காவில் லொறி, பஸ், ரயில், விமானத் தொழிலாளர்களுக்கு இதைக் கட்டாயமாக்கி 1991இல் சட்டம் வந்தது. அங்கே விதிகள் முதலாளியையும் கட்டுப்படுத்துகின்றன. சிறுநீர் 45 மில்லிலீட்டர் எடுத்தால், தொழிலாளியின் கண்முன்னே 30, 15 என்று இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். முதல் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால், ஆய்வுகூடம் வேறொரு நுட்பமான முறையில் சோதித்து உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகும் அறிக்கை முதலாளிக்குப் போகாது. இதற்கென்று பயிற்சி பெற்ற வைத்தியருக்கே போகும்.

ஏன் வைத்தியருக்கு? கொடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவரின் சிறுநீரிலும் கொடீன் தெரியும். அது வைத்தியர் கொடுத்த மருந்தா, வேறு வழியில் வந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் வைத்தியர் தொழிலாளியிடம் பேசி, மருந்துத் துண்டைப் பார்க்கிறார். காரணம் சரியென்றால், 'போதைப்பொருள் இல்லை' என்ற முடிவே முதலாளிக்குப் போகும். 'உண்டு' என்று வைத்தியர் முடிவு செய்தாலும், தொழிலாளி 72 மணித்தியாலத்துக்குள் கேட்டால், இரண்டாவது போத்தலை வேறு ஆய்வுகூடம் சோதிக்கும்.

ஊதிப் பார்ப்பதிலும் அப்படித்தான். முதல் தடவை மது தெரிந்தால், குறைந்தது 15 நிமிடம் பொறுத்து மறுபடியும் ஊதவைக்க வேண்டும். வாய் கொப்புளித்த மருந்தில் இருந்த மதுசாரம்கூட முதல் ஊதலில் காட்டிவிடும் அல்லவா?

அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே யாரையும் அது கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலிருந்து கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். லொறி செட்டுக்கோ தொழிற்சாலைக்கோ போத்தலும் கருவியும் வருமுன் துரையிடம் கேட்போம்: இரண்டாவது போத்தல் உண்டா? மறுசோதனை உண்டா? அறிக்கை முதலில் யாருக்குப் போகும்? வைத்தியர் பேசுமுன் வேலை நிறுத்துவீர்களா? பதில்கள் எழுத்தில் வேண்டும், சங்கத்தோடு பேசி எழுதிய எழுத்தில்.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1996இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும், இத்தகைய கொள்கையைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு சேர்ந்தே வகுக்க வேண்டும் என்கிறது. குடிப் பிரச்சினையை நோயாகப் பார்த்து உதவவும் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. மருந்துத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.