பாம்பு மந்திரப் புஸ்தகங்களின் யோக்கியதை

(திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புஸ்தகங்களைப் பற்றியதாகும். நாக மந்திரம், கருட மந்திரம், நாகரத்தினம் என்பதாகப் பல புஸ்தகங்கள் திருவிழாக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவைகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே கேள்வி.

"விற்கிறவன் விற்கட்டும், வாசிக்கிறவன் வாசிக்கட்டும், உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். பாம்பு கடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மந்திரக்காரன் வீட்டுத் திண்ணையில் கிடத்தி வைப்பதற்கு அந்தப் புஸ்தகந்தானே அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது? 2000 முதல் 2019 வரை 20 வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் களத்திலும் பாடுபடும் கிராமத்து ஜனங்கள். ஆகவே இது பொழுதுபோக்கு சமாசாரமல்ல, உயிர் சமாசாரமாகும்.

ஒரு புஸ்தகம் கைக்கு வந்தால் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, எழுதியவர் யார், எக்காலத்தவர்? மேலட்டையில் ஒரு முனிவர் பெயரைப் போட்டுவிட்டால் மட்டும் போதுமா? பத்திரத்தில் ஒருவன் கையெழுத்தைக் கண்டால் அவனுடையதுதானா என்று ரிஜிஸ்தர் ஆபீசில் பார்க்கிறார்கள். புஸ்தகத்துக்கு மட்டும் அந்தச் சோதனை வேண்டாமா? மிளகாயும் புகையிலையும் அமெரிக்காக் கண்டத்துச் சரக்குகள். வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய பிற்பாடுதான் அவை இந்நாட்டுக்கு வந்தன. பறங்கி என்கின்ற சொல்லும் அவர்களோடு வழங்கியதே. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தியது என்று சொல்லப்படும் ஒரு மந்திர நூலில் இவை காணப்படுமானால், ஒன்று அந்த நூல் பிந்தியது, அல்லது அந்த இடம் பிற்பாடு செருகப்பட்டது. இரண்டில் எதுவானாலும், "முனிவர் வாக்கு" என்கின்ற பேச்சு நிற்காது.

இரண்டாவது, எழுதியவர் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? கொம்பேறி மூக்கன் ஆளைக் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தின்மேலேறிப் பிணம் எரிகிறதா என்று பார்க்கும் என்கிறார்கள். அந்தப் பாம்புக்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. பிணம் ஏது? புகை ஏது? ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் பார்த்து எழுதினால் பத்துச் சாட்சியாகிவிடாது, ஒரே சாட்சிதான்.

நாகரத்தினத்தைக் கவனியுங்கள். நம் பக்கத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். தோல் வியாபாரம் தடுக்கப்படுவதற்கு முன் கணக்கற்ற பாம்புகள் தோலுக்காக உரிக்கப்பட்டன. ஒரு தலையிலாவது மாணிக்கம் இருந்திருந்தால் அவர்கள் இன்னமும் குடிசையில் இருப்பானேன்? ஏட்டில் எழுதினவர் அறியாததை எழுத்தறியாத இருளர் கை அறிந்திருக்கிறது. 1978-ல் அவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் உயிர் காக்கும் மருந்து செய்யப்படுகிறது.

மூன்றாவது, தான் தோற்பதற்குப் புஸ்தகம் இடம் வைத்திருக்கிறதா? மந்திரம் பலித்தால் மந்திரத்தின் மகிமை. பலிக்காவிட்டால் உச்சரிப்புப் பிசகு, திதி சரியில்லை, தீட்டுப்பட்டுவிட்டது, விதி முடிந்தது! இப்படி எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயம் தனக்கே என்று சொல்லும் ஆட்டத்தை நாம் சந்தையில் ஒப்புக்கொள்ளுவோமா?

நான்காவது, கணக்கு முழுவதையும் காட்டுகிறதா? "மந்திரத்தால் நூறு பேர் பிழைத்தார்கள்" என்றால், கடித்த பாம்பு எது என்று கேட்கவேண்டும். இந்நாட்டில் சுமார் 300 வகைப் பாம்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை விஷமில்லாதவை. மிகுதியான சாவுகளுக்குக் காரணம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. விஷப்பாம்புங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போகும். சாரை கடித்தவன் மந்திரமில்லாமலும் பிழைப்பான்; ஆனால் புகழ் மந்திரக்காரனுக்குச் சேருகிறது. கட்டுவிரியன் கடித்துச் செத்தவனோ மறுநாள் வந்து சாட்சி சொல்லமாட்டான்!

இந்தச் சோதனையை நமது ஜில்லாவிலேயே நேரில் செய்து பார்க்கலாம். திருவக்கரையில் பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வதைக்கப்பட்ட வக்கிராசுரனுடைய எலும்புகள் அவை என்பது கதை. பக்கத்தில் போய்ப் பாருங்கள். மரத்தின் வளையங்கள் தெரியும். எலும்பிலே வளையம் ஏது? சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்களுக்குள் நீரில் கரைந்த மணற்சத்து புகுந்து, நாளடைவில் கல்லாயின என்று பூமி நூலார் காட்டுகிறார்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. ஆஸ்திரியா தேசத்துக் கிளாகன்பர்ட் நகரத்தில் 1335-ல் ஒரு மண்டையோடு அகப்பட்டது. பறக்கும் நாகத்தின் தலை என்று சொல்லி அதைப் பார்த்தே ஒரு சிலையும் செய்தார்கள். கடைசியில் அது அழிந்துபோன ரோமக் காண்டாமிருகத்தின் மண்டை என்று தெரிந்தது. சீனத்தில் நாகத்தின் எலும்பென்று மருந்துக் கடைகளில் விற்றவைகளில் சிலவற்றில் எழுத்து வெட்டியிருந்ததை 1899-ல் கவனித்தார்கள். அவை 3000 வருஷத்துக்கு முன் குறி கேட்கப் பயன்பட்ட மாட்டெலும்புகளும் ஆமையோடுகளுமாம். பொடித்துத் தின்றவனுக்குச் சரித்திரம் கிடைக்கவில்லை. உற்றுப் பார்த்தவனுக்குக் கிடைத்தது!

ஆகவே அப்புஸ்தகங்களைக் கொளுத்தும்படி நாம் சொல்ல வரவில்லை. கதையைக் கதையாகப் படியுங்கள். நம் முன்னோர் எதற்குப் பயந்தார்கள், எதை விரும்பினார்கள் என்பது அதில் தெரியும். வைத்தியமாகவும் சரித்திரமாகவும் மாத்திரம் கொள்ளாதீர்கள். சீமையில் அச்சான புஸ்தகத்தையும், நமது பத்திரிகையையும், இப்போது நாம் பேசியதையுங்கூட இதே நான்கு கேள்வி கேட்டு, நிற்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல், உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து, மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தையும் எதிர்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. மந்திரக்காரன் திண்ணையில் போகும் ஒவ்வொரு நாழிகையும் அந்தப் பிள்ளையின் ஆயுளிலிருந்து போகின்ற நாழிகை என்பதை மறவாதீர்கள்.