தடை நீங்கிய பள்ளி வாயில்

ஆப்பிரிக்கப் பெண் குழந்தைகளின் கல்விக்கு வறுமை ஒன்றே தடை என்று எண்ணுவோர் தான்சானியாவின் அனுபவத்தை நோக்குதல் நன்று. அந்நாடு 2001இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தையும், 2016இல் அரசுப் பள்ளிகளில் நான்காம் படிவம் வரையிலான கட்டணத்தையும் நீக்கியது. ஆயினும், கருவுற்ற மாணவி பள்ளியினின்று விலக்கப்பட்டாள். பல பள்ளிகளில் கட்டாயச் சோதனையும் நடைபெற்றது. 2002ஆம் ஆண்டு விதிகளில் கண்ட ‘ஒழுக்கத்திற்கு எதிரான குற்றம்’ என்னும் சொற்றொடரே இதற்கு ஆதாரம். கருவுறுதல் அவ்விதிகளில் குறிக்கப்படவே இல்லை என்பது வியப்பு! 2017இல் குடியரசுத் தலைவர் மகுஃபுலி, குழந்தை பெற்ற மாணவியர் அரசுப் பள்ளிக்குத் திரும்ப இயலாது என அறிவித்தார். அண்டை நாடான கென்யாவோ 1994லேயே அவ்வுரிமையை வழங்கியிருந்தது. 2021 நவம்பரில் தான்சானியாவிலும் தடை அகன்றது. வகுப்பு நேரத்தில் அவளது கைக்குழந்தையைப் பேணுவோர் யார் என்பதே அடுத்து எழும் கேள்வி.