பரிமாறுகிறவனுக்கும் இலை போடுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இலண்டன் ஒலிம்பிக்ஸில் தொண்டு செய்தாயாமே, அதைப் பேசு" என்று செயலாளர் சொன்னார். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். சாம்பார் வாசனை இங்கேயே வருவதால் சீக்கிரமே முடித்துவிடுகிறேன்.

2012 இலண்டன் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து 70,000 தன்னார்வலர்கள் வேலை செய்தோம். விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 2,40,000 பேர். குறைந்தது பத்து நாள் வேலைக்கு வர வேண்டும். பயிற்சி நாட்கள் தனி. சம்பளம் கிடையாது. தங்கும் இடம் அவரவர் பாடு. கொடுத்தது என்ன? சீருடை, வேலை நாளில் சாப்பாடு, நகருக்குள் போய்வரப் பயணச் சீட்டு. அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்த இடம் எக்ஸெல் அரங்கம். குத்துச்சண்டை, மேசைப்பந்து, பளுதூக்குதல் எல்லாம் அங்கேதான். என் வேலை, கஸ்டம் ஹவுஸ் ரயில் நிலையத்தில் இறங்கி வருகிற கூட்டத்துக்கு வழி காட்டுவது. ஆகஸ்ட் 8 அன்று உள்ளே நம் மேரி கோம் அரையிறுதியில் ஆடுகிறார். நான் வெளியே நின்று, "இடது பக்கம் போங்க, கழிப்பறை அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் காதில் விழுந்தது. அவர் வெண்கலத்தோடு முடித்தார் என்பதைப் பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு பேர், காசு வாங்காமல், ஆட்டத்தையும் பார்க்காமல், எப்படி நாள் தவறாமல் வந்தார்கள்? நான் கண்ட காரணங்கள் நான்கு.

முதலாவது, முன்கூட்டியே உண்மையைச் சொன்னார்கள். "போட்டியைப் பார்க்க முடியாது, வீரர்களிடம் கையெழுத்து கேட்கக் கூடாது, நின்றுகொண்டே இருக்க வேண்டிவரும்" என்று ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வந்தவன் தெரிந்துதான் வந்தான். ஏமாந்தோம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டாவது, பயிற்சி மூன்று படியாக நடந்தது. எல்லாருக்கும் பொதுவான பயிற்சி ஒன்று. அவரவர் வேலைக்கானது ஒன்று. வேலை செய்யும் இடத்திலேயே நடத்தியது ஒன்று. அந்த மூன்றாவதுதான் முக்கியம். குழந்தை தொலைந்தால் யாரிடம் சொல்வது, சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியில் போவது, முதலுதவி எங்கே என்று நடந்தே காட்டினார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு தலைவர். யாரைக் கேட்பது என்ற குழப்பமே கிடையாது. எங்கள் குழுத்தலைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெயிலில் நின்றவனை நிழலுக்கும், நிழலில் நின்றவனை வெயிலுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார். எங்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போவார்.

நான்காவது, நன்றி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பெயர் சொல்லி நன்றி சொல்வார்கள். வெண்கலம், வெள்ளி, தங்க நிறத்தில் சின்னச் சின்ன பேட்ஜ் கொடுத்தார்கள். என்ன பெரிய விலை? ஆனால் அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

இது எல்லா இடத்திலும் அமைவதில்லை. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்குத் தேர்வான 22,000 தன்னார்வலர்களில் சுமார் பத்தாயிரம் பேர் விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 80,000 பேரில் சுமார் பத்தாயிரம் பேர் முன்னதாகவே விலகினார்கள். அங்கே கொரோனா அச்சம் முக்கியக் காரணம். சம்பளம் வாங்காமல் வருகிறவன் சொல்லாமலே போகவும் முடியும். நடத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

என் நண்பன் ஒருவன் கேட்டான்: "டிவிக்காரன் கோடி கோடியா சம்பாதிக்கிறான், நீ எதுக்குய்யா சும்மா போய் நிக்கறே?" நியாயமான கேள்வி. என் பதில் இது. வரவேற்பது, வழிகாட்டுவது, மொழிபெயர்ப்பது ஆகியவற்றை மனமுவந்து செய்யலாம். காவல், மின்சார வேலை, துப்புரவு ஆகியவற்றைக் கூலி கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும். ஓர் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய நாள்கூலியை மாணவனின் இலவச உழைப்பால் மிச்சம் பிடித்தால், அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கக் கூடாது. அதேபோல, "வருகைப்பதிவு போட்டுவிடுகிறோம்" என்று சொல்லிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர்கூடக் கொடுக்காமல் மைதான ஓரத்தில் நிறுத்துவதும் தொண்டு ஆகாது.

பெரிய போட்டிகள் இப்போது நம் ஊருக்கே வருகின்றன. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டுக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நான்கு ஊர்களில் நடந்தன. இனியும் வரும். நம் மாணவர்கள் போகத்தான் போகிறார்கள். தயாராகப் போகட்டும் என்பதே என் ஆசை.

அதற்கு ஒரு சிறு யோசனை. நம் கல்லூரி விளையாட்டு விழாவிலிருந்தே தொடங்குவோம். இன்னாருக்கு இன்ன வேலை, இத்தனை மணி நேரம், இவர்தான் தலைவர், இத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பத்துப் பேர் வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். சாப்பாட்டுச் செலவையும் தொப்பிச் செலவையும் முன்னாள் மாணவர்கள் நாம் ஏற்போம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். பந்தி பந்தியாகப் பரிமாறியவன் கடைசியில் உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும், ரசம்தான் மிஞ்சும். அடுத்த கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்பான். அவனுக்கும் ஓர் இலையை முன்பே எடுத்து வைக்கிற வீட்டுக்கு மட்டும் எப்போதும் ஆள் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, வாய்ப்பு வந்தால் போங்கள். சான்றிதழ் கிடைக்கும், அதைவிடப் பெரியதாக, முன்பின் தெரியாதவரிடம் முகம் மலர்ந்து பேசவும், "எனக்குத் தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லவும் பழகிக்கொள்வீர்கள். பின்னாளில் எந்த உத்தியோகத்திலும் அது உதவும்.