ஆண்டறிக்கையில் சேர வேண்டிய பக்கம்

  

இந்தப் பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் அவர்கள் சற்றுமுன் வாசித்த ஆண்டறிக்கையை ஊன்றிக் கேட்டேன். ஆசிரியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளும், பெற்ற விருதுகளும், அயல்நாட்டு மாநாடுகளில் நிகழ்த்திய பிரசங்கங்களும் அதில் முறையாகத் தொகுக்கப்பட்டிருந்தன. அவை யாவும் பெருமைக்குரியவை. அவர்களை உங்களோடு சேர்ந்து நானும் பாராட்டுகிறேன். ஆயினும், ஆயுளின் பெரும்பகுதியை ரசாயன ஆய்வுக்கூடங்களிலேயே கழித்தவன் என்ற உரிமையில், அந்த அறிக்கையில் ஒரு பக்கம் குறைகிறது என்று சொல்ல எனக்கு அநுமதி வேண்டும். நூலகத்திலும், பட்டறையிலும், ஆய்வுக்கூடத்திலும், அலுவலகத்திலும் இருப்போர் அறிவுக்குச் செய்யும் பணி, சம்பளப் பட்டியலில் மட்டும் பதிவாகி, சாதனைப் பட்டியலில் பதிவாகாமல் போவது பல்கலைக்கழகங்களின் நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் நியாயமானதன்று என்பதற்கு நம் மாகாணத்துச் சரித்திரமே சாட்சி.

1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக, சீர்காழியில் பிறந்தவரும் மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து வந்தவருமான எஸ். ஆர். ரங்கநாதனை நியமித்தது. மாணவர்கள் சூழ்ந்திருக்கப் பாடம் சொல்லிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் அதிகமில்லாத அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது சில நாட்களிலேயே தாங்க முடியாததாகிவிட, அவர் திரும்பவும் கல்லூரிக்கே போய், பழைய உத்தியோகத்தைத் தந்துவிடும்படி மன்றாடினார். மேலதிகாரிகள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள நூலகங்கள் நடைபெறும் விதத்தைப் படித்து வரட்டும், வந்த பிறகும் மனம் ஒவ்வாவிட்டால் கணித வகுப்புக்கே திரும்பலாம் என்று முடிவு செய்தார்கள். அதிருப்தியோடு நின்ற ஓர் ஊழியருக்கு ஒரு ஸ்தாபனம் அளித்த விடைகளில் இதனினும் விவேகமானதை நான் அறியேன்.

லண்டனில் யூனிவர்ஸிட்டி காலேஜில் பயின்றுகொண்டு, நூலகம் நூலகமாகச் சுற்றிப் பார்த்த ரங்கநாதன், ஒரு பெரிய கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகளையும் சக்கரங்களையும் திருகாணிகளால் பிணைத்து, ஒரே துண்டுகளைக் கொண்டு வெவ்வேறு பொம்மைகளை ஆக்கிக் காட்டும் அந்தச் சாமான், நூற்பகுப்பைப் பற்றி அவர் உள்ளத்தில் புகைந்துகொண்டிருந்த ஐயத்துக்கு வழி காட்டியது. உலகத்து விஷயங்களுக்கெல்லாம் முன்கூட்டியே எண்களை எழுதிவைத்து, வருகிற நூலை அவற்றுள் ஒன்றில் திணிப்பதே அதுவரை பெரும்பாலும் இருந்த முறை. புதிய அறிவு பிறக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலில் இடநெருக்கடி உண்டாகும். அதற்கு மாறாக, ஒரு நூலின் பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் உரிய குறியை எடுத்து, முக்காற்புள்ளியால் இணைத்துக்கொண்டால், நாளை பிறக்கப்போகும் சாஸ்திரத்துக்கும் இன்றே இடம் இருக்கும் என்று அவர் கண்டார். 1933-இல் வெளிவந்த ‘கோலன்’ பகுப்பு முறை இதுதான். கணித ஆசிரியரின் மூளை கணிதத்தை விட்டுவிட்டது என்று சிலர் அன்று வருந்தியிருக்கலாம்; என் அபிப்பிராயத்தில் அது தனக்கு உரிய கணக்கைக் கண்டுகொண்டது அப்போதுதான்.

1925-இல் திரும்பிவந்தவர் கணித வகுப்பைக் கேட்கவேயில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றவும், 1929-இல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கவும் அவரே காரணர். பூட்டிக் காப்பதற்காக அல்ல, மக்கள் எடுத்துப் படிப்பதற்காகவே நூல்கள் உள்ளன என்ற எளிய தத்துவத்தின்மேல் நூலகத் தொழில் முழுவதையும் நிறுத்தி, ஐந்து விதிகளாக அவர் வகுத்த நூல் 1931-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வு பெற்ற பொறியாளரின் முயற்சியால், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. சென்னையில் உட்கார்ந்திருந்த ஒரு பல்கலைக்கழக ஊழியரின் சிந்தனை, எழுத்து மணம் அதிகம் அறியாத ஊர்களின் வாசல் வரை போய் நின்ற விந்தையை நினைக்கும்போது, எனக்கு இன்றும் உள்ளம் நிறைகிறது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, சொத்து வரியோடு நூலகத்துக்கென ஒரு சிறு பங்கும் வசூலிக்கப்படலாயிற்று. நம் ஊர்களில் இன்று திறந்திருக்கும் பொது நூலகங்களுக்கு மூலம் அந்தச் சட்டம். அச்சட்டத்துக்கு மூலம் அந்த நூலகர்.

ரங்கநாதனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் பேச்சு நீண்டுவிடும் என்று நண்பர்கள் எச்சரிப்பதுண்டு. ஆனாலும் அதே பல்கலைக்கழகத்தைப் பற்றி இன்னும் ஓரிரு செய்திகளைக் கூறியே தீரவேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும் வெளிவந்த தமிழ் லெக்ஸிகன் என்னும் பேரகராதி, லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. பதிப்பாசிரியராக இருந்து அதனை நிறைவேற்றிய வையாபுரிப் பிள்ளையின் கீர்த்தி நாடறிந்தது; ஆனால் ஓலைச்சுவடிகளிலிருந்தும் அச்சு நூல்களிலிருந்தும் சொற்களைத் தேடி, மேற்கோளோடு சீட்டுச் சீட்டாக எழுதிக் குவித்த பண்டிதர்களின் சிரத்தை இல்லாவிடில் அந்தக் கட்டடம் எழுந்திராது. ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றபின், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை அமைப்பை 1954-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். 1963-இல் உலகுக்குக் கிடைத்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’ புரதங்களைப் பற்றிய பாடப்புத்தகந்தோறும் இடம்பெறுகிறது. அதனை வெளியிட்ட கட்டுரையில் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற பெயர்களும் உண்டு. அந்தக் காலத்தில் அணுக்களின் இடைவெளிகளைக் கணக்கிடுவது எத்தனை பொறுமையைக் கேட்ட வேலை என்பது, மேசைக் கணக்குப் பொறியின் கைப்பிடியைச் சுற்றியவர்களுக்கே தெரியும்.

நான் பி.எஸ்ஸி. மாணவனாக இருந்த காலத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்த முதியவரிடமிருந்துதான் எடை போடக் கற்றேன். ஆசிரியர் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் போனபின், அவர் எங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். “தம்பி, குருசிபிள் ஆறட்டும், சூட்டோடு வெச்சா தராசு பொய் சொல்லும்” என்பார். சூடான கலத்தைச் சுற்றிக் காற்று மேலெழும்புவதால் எடை குறைவாகத் தெரியும் என்ற காரணத்தை நான் பிற்காலத்தில் நூலில் படித்தேன். காத்திருக்கும் பழக்கத்தை அவரிடம் முன்பே பெற்றிருந்தேன். பிறகு நான் சேர்ந்த ஆராய்ச்சிச் சாலைகள் எதிலும், கண்ணாடிக் குழாய்களை நெருப்பில் வளைத்து எங்களுக்கு வேண்டிய உபகரணங்களைச் செய்து தந்த தொழிலாளியின் யோசனையைக் கேட்காமல் நான் ஒரு பரிசோதனையும் தொடங்கியதில்லை. என் பெயரில் வெளிவந்த கட்டுரைகளில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

பட்டதாரிகளே, உங்களுள் பேராசிரியராக வருவோர் சிலரே. பலர் அலுவலகங்களிலும், நூலகங்களிலும், தொழிற்சாலைகளிலும், நீங்கள் விரும்பிக் கேட்டிராத நாற்காலிகளில் அமரப்போகிறீர்கள். கிடைத்த வேலை உங்கள் படிப்புக்குக் குறைவானது என்று முகம் சுளிப்பதற்கு முன், அந்த வேலைக்குள் ஆராயப்படாத விஷயம் ஏதேனும் உண்டா என்று ஓராண்டாவது தேடிப் பாருங்கள். உங்களுக்குக் கீழ் ஊழியர்கள் பணிபுரியும் காலம் வரும்போது, மனக்குறையோடு வந்து நிற்பவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவர் கண்டறிந்ததை அவர் பெயராலேயே வெளியிடச் செய்யுங்கள்.

துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழுவினருக்கும் என் விண்ணப்பம் இது: அடுத்த ஆண்டறிக்கையில், ஆசிரியர்களின் சாதனைகளை அடுத்து, இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தாரும், ஆய்வுக்கூடத்தாரும், பட்டறையாரும், அலுவலகத்தாரும் அந்த ஆண்டில் புதிதாகச் செய்தவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அவர்கள் மேற்படிப்புக்கும் பயிற்சிக்கும் செல்ல ஊதியத்தோடு கூடிய விடுப்பையும் வழங்குங்கள்.