அம்மாயியின் கால் சொல்லித்தந்த பாடம்

(கூட்டமைப்பு விழாவில் செவிலியர் மாணவி ஒருவர் பேசியது)

நான் பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கம்மா குழுவில் வாங்கிய கடனில்தான் முதல் வருஷ ஃபீஸ் கட்டினோம். அந்தப் படிப்பு எதுக்கு உதவுச்சுன்னு உங்ககிட்ட சொல்ல வேண்டியது என் கடமை.

நர்சிங்கில் தியரி என்று ஒரு பாடம் உண்டு. 'இதைப் படிச்சு வார்டுல என்ன செய்யப்போறோம்?' என்று நாங்களே சலித்துக்கொள்வோம். அதில் ஒன்று, டோரதியா ஓரம் என்ற அமெரிக்க நர்ஸ் எழுதியது. 1971-ல் புத்தகமாக வந்தது. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வதுதான் அடிப்படை. எது முடியவில்லையோ அதற்குத்தான் நர்ஸ் என்கிறார் அவர். நினைவில்லாமல் கிடப்பவருக்கு எல்லாமே நாம் செய்யணும். ஆபரேஷன் முடிந்தவருக்குப் பாதி நாம், பாதி அவர். நடமாடுபவருக்குச் சொல்லிக்கொடுத்துத் துணை நிற்கணும்.

மனப்பாடம் செய்து எழுதினேன். மார்க்கும் வந்தது.

எங்க அம்மாயி சேகோ களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிற வேலை செய்தவங்க. பல வருஷமா சர்க்கரை. லீவுக்கு வரும்போதெல்லாம், 'வெறுங்காலோட நடக்காதீங்க அம்மாயி' என்று சொல்லிவிட்டுப் போவேன். அவ்வளவுதான். போன சித்திரையில் களத்துச் சூட்டில் பாதம் கொப்பளித்துவிட்டது. சர்க்கரையால் கால் நரம்பு மரத்திருந்ததால் அவங்களுக்கு வலியே தெரியவில்லை. வாடை அடித்த பிறகுதான் புண்ணைப் பார்த்தோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்டேன்: "உங்களால எது முடியும், எது முடியாது அம்மாயி?"

"மாத்திரை நேரத்துக்குப் போட்டுக்குவேன் கண்ணு. ஜவ்வரிசி காயற எடத்துல செருப்போட எப்படிப் போறது? குனிஞ்சு என்ற பாதத்தைப் பாக்கவும் முடியல" என்றாங்க.

பரீட்சையில் நான் எழுதின தியரியே இந்தக் கேள்விதான். வீட்டில் கேட்காமல் விட்டேன்.

இப்போது மாத்திரை அம்மாயி பொறுப்பு. ராத்திரியில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது எங்கம்மா பொறுப்பு. களத்து வேலையை விட்டு, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் குழுப் பெண்களே தன்னார்வலராக வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறாங்க. ஆனால் தினமும் பாதத்தைப் பார்க்க வீட்டு ஆள்தான் வேணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க. சர்க்கரை உள்ளவங்க காலை நீட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்க. பிளேடு வைத்து ஆணியைச் சீவாதீங்க, மஞ்சளைப் பூசி நாள் கடத்தாதீங்க.

தன்னால் முடிந்ததைத் தான் செய்வது, முடியாததுக்குப் பக்கத்தில் இருப்பவர் கைகொடுப்பது. இதை நான் புத்தகத்தில் படித்தேன். நீங்க குழு நடத்தியே செய்துகாட்டிட்டீங்க.